மலைக்குப் போன ஆலத்தட்டு

செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் என் நாத்தனார் அந்த மலை ஏறுகிற பேச்சில் என்னை இழுத்தாள்.

அவள் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. வாழ்க்கைப்பட்ட இடம் மதகடிப்பட்டு. விழுப்புரம் ரோட்டு மேலேயே அவள் புருஷனுக்குச் செருப்புக் கடை. கல்லாவில் பெரும்பாலும் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். நான் பாகூர் ஏரிக்குக் கீழே, கல்யாணமாகி வந்த அதே வீட்டில் இருக்கிறேன். இடுப்பு ஒடிய நடவு நட்டவள். இப்போது வயலுக்கு நடவு மிஷின் வந்துவிட்டது, எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது.

சர்க்கரைக்காரர்கள் நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து நாங்கள் கொஞ்சம் பெண்கள் காலையில் ஏரிக்கரை மேல் நடக்கிறோம். எங்களை நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கும். மதகடிப்பட்டிலும் இதே மாதிரி ஒரு கூட்டம் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு கூட்டத்தையும் ஒரே வேனில் ஏற்றி ஏதாவது ஒரு மலைக்குக் கூட்டிப்போவார். எங்கள் பக்கம் மலை கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்லும் கரும்பும், அதைத் தாண்டினால் கடல். எங்களுக்கு உயரமான இடம் என்றால் அது ஏரிக்கரைதான். அதனால் மலை என்றதும் எல்லாருக்கும் வாய் பிளந்துவிடும்.

போன தை மாதம், மருந்துவாழ் மலைக்குப் போகலாம் என்று டீச்சர் சொன்னார். கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்தபடி நிற்கிற மலை. பாதி தூரம் படி இருக்குமாம். அப்புறம் பாறைதான். கையும் காலும் ஊன்றி ஏற வேண்டுமாம். உச்சியில் அனுமார்.

நானும் வருகிறேன் என்று பேர் கொடுத்தேன். அன்று மத்தியானமே என் போனில், இரண்டு ஊர்ப் பெண்களும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், நாத்தனார் பேசி அனுப்பியிருந்தாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் விடிந்துவிடும், ஆனால் குரல் வந்தால் எங்கே அமுக்க வேண்டும் என்று தெரியும். அமுக்கினேன்.

"டீச்சர், எங்க அண்ணியும் வராங்களாமே? வரட்டும், வரட்டும். பஸ் படிக்கட்டு ஏறவே ரெண்டு பேரு புடிக்கணும் அவங்கள. கீழயே குந்திகினு நம்ப செருப்பையெல்லாம் பாத்துக்கட்டும். அதுக்கும் ஒரு ஆளு வேணும் இல்ல? அப்பறம், கற்பூரத் தட்டு நான் எடுத்துனு வரேன். சுமங்கலி கையால காட்டினாத்தான் எல்லாருக்கும் நல்லது."

கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

என் மகன் கல்யாணத்தன்று அதே சிரிப்பைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் நெஞ்சு வலி என்று படுத்து எழுந்திருக்காமல் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மருமகளை வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். நான் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆலம் கரைத்து, என் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த பித்தளைத் தட்டில் ஊற்றி, வாசலில் நிற்கிறேன். நான் சுற்றப்போவதில்லை. எனக்குத் தெரியாதா? யாராவது மூத்த சுமங்கலி கையில் நானே கொடுக்கலாம் என்றுதான் நின்றேன். பெற்றவள் கரைத்து, பெற்றவள் கையால் கொடுத்த ஆலம் என்று இருக்கட்டுமே என்று ஒரு ஆசை. அதற்குள் இவள் வந்து தட்டைப் பிடுங்கினாள். கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பிடுங்கின வேகத்தில் செந்தண்ணீர் என் புடவையில் கொட்டியது.

"நீ தள்ளி நில்லு அண்ணி. புதுசா வர பொண்ணு மொதல்ல உன் மூஞ்சியிலயா முழிக்கணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது. என் மகனும் நின்றான், தன் கழுத்து மாலையைப் பார்த்தபடி.

நான் தள்ளி நின்றேன். அன்று மட்டும் இல்லை. வளைகாப்பு, பேர் வைக்கிறது, காது குத்து, புது வீடு என்று எது வந்தாலும் வேலை முழுக்க நான் செய்வேன். தட்டு எடுக்கும்போது அவள் மதகடிப்பட்டிலிருந்து பட்டுப்புடவை சலசலக்க வந்து இறங்குவாள். அந்தப் பித்தளைத் தட்டை நான் அப்படியே பரணில் போட்டேன். ஆலத்தின் கறையைக்கூடக் கழுவவில்லை. மறந்து போய்விடக் கூடாது என்றுதான்.

நாத்தனார் பேசியதற்கு டீச்சர் அதே குரூப்பில் பதில் போட்டார். "எங்க குரூப்புல பொட்டு வெச்சவங்க, வெக்காதவங்கன்னு கணக்கு கெடையாது. எந்த மலையா இருந்தாலும் உச்சியில யாரு மொதல்ல கால் வெக்கறாங்களோ அவங்க கையாலதான் கற்பூரம். இது பழைய வழக்கம். புதுசா சேர்ந்தவங்க தெரிஞ்சிக்கணும்."

அதைக் கேட்டதும் நான் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினேன். ஏணியில் ஏறும்போது யாரும் என்னைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டு ஒரு மூலையில் பச்சை பூத்துக் கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டு, கிணற்றடியில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை தேய்த்தேன். ஆலக்கறை சுலபத்தில் போகவில்லை. எனக்கு அவசரமும் இல்லை. தேய்க்கத் தேய்க்க ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. அந்த மலை உச்சியில், இந்தத் தட்டில், என் கையால் கற்பூரம் எரிய வேண்டும். அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அனுமாரைப் பற்றி அப்போது நினைப்பே இல்லை.

மலைக்குப் போக ஷூ கட்டாயம் என்றார் டீச்சர். செருப்போடு வந்தால் வேனிலேயே ஏற்ற மாட்டாராம். எனக்கு ஷூ போட்டுப் பழக்கமில்லை. சேற்றில் ஊன்றி ஊன்றி என் கால் விரல்கள் ஒன்றை ஒன்று பார்க்காமல் விரிந்து கிடக்கும். பாகூரிலேயே ஷூ கிடைக்கும். ஆனாலும் நான் இரண்டு பஸ் மாறி மதகடிப்பட்டுக்குத்தான் போனேன். நேராக அவள் கடைக்கு.

கல்லாவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது, பிறகு சமாளித்துக்கொண்டாள். கடையில் வேலை செய்கிற பெண் சாப்பிடப் போயிருந்த நேரம். அந்த நேரம் தெரிந்துதான் போனேன்.

"வா அண்ணி. இன்னா இவ்ளோ தூரம்?"

"ஷூ வேணும். மலைக்கு."

"நெஜமாவே ஏறப் போறியா?"

"செருப்பு பாத்துக்கறவளுக்கும் ஒரு ஷூ வேணும் இல்ல?"

அவள் ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினேன். நீட்டியபடியே இருந்தேன். வியாபாரத்துக்கு வந்தவள் காலை நீட்டினால் கடைக்காரி குனிந்துதானே ஆக வேண்டும்? ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, அவள் தரையில் ஒரு முட்டியை ஊன்றி, என் காலை எடுத்து ஷூவுக்குள் நுழைத்தாள்.

"விரலு இடிக்குது," என்றேன்.

அடுத்த பெட்டி. அதில் குதிகால் கடித்தது. அடுத்ததில் வர்ணம் பிடிக்கவில்லை. அதற்கடுத்தது ஆம்பிளை ஷூ. அது பொம்பளை காலுக்கு ஆகுமா என்று நானே கேட்டேன், பிறகு அதையும் போட்டுப் பார்க்கலாம் என்றேன். கடையின் பாதிப் பெட்டிகள் தரையில் திறந்து கிடந்தன. அவள் நெற்றிப் பொட்டு வியர்வையில் வழிந்து மூக்குவரை வந்துவிட்டது.

"கயிறு கட்டத் தெரியாது எனக்கு. நீயே கட்டி வுடு."

கட்டிவிட்டாள். நான் எழுந்து கடைக்குள் இரண்டு நடை நடந்தேன். கண்ணாடியில் காலைப் பார்த்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. என் கால் அதில் நெல் மூட்டை மாதிரி வசதியாக உட்கார்ந்திருந்தது.

"வேணாம். எதுவும் எனக்குச் சரியா வரல," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதிர்வரிசைக் கடையில் அதே மாதிரி ஆம்பிளை ஷூ ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, அவள் கல்லாவுக்கு நேராக நின்று பஸ் ஏறினேன். பஸ் படிக்கட்டில் ஏறும்போது யாரும் என்னைப் பிடிக்கவில்லை. அவள் பார்த்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்தாள்.

ஷூ வந்தாயிற்று. ஏறிப் பழக வேண்டுமே? ஏரிக்கரை சரிவில் ஏறி இறங்கலாம் என்றால், அது மண். மலையோ கல். இதைப் பற்றி நான் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கடலோரப் பனித்திட்டுக்காரி. என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது.

"கல்லுதான யக்கா வேணும்? எங்க ஊரு பக்கம் வா. கடலு அரிக்கக் கூடாதுன்னு யானை யானையா கல்லு கொட்டி வெச்சிருக்கான். ஏறு, எறங்கு, வுழு, எழுந்திரு. எவனும் கேக்க மாட்டான்."

அதன்பிறகு டீச்சரின் நடை முடிந்ததும் நான் ஷேர் ஆட்டோ பிடித்துப் பனித்திட்டுக்குப் போவேன். முதலில் சுனாமிக்கு அப்புறம் கட்டிய மாடிக் கட்டடத்தின் படியில் ஏறி இறங்குவேன், முதுகில் பையோடு. பிறகு கடலோரக் கல். நாங்கள் நடவுக்குப் போகும்போது புடவையைத் தூக்கிச் செருகி, மேலே ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வது வழக்கம். மலைக்கும் அதுதான் என் உடுப்பு என்று வைத்துக்கொண்டேன். சட்டை என் வீட்டுக்காரருடையது. வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப் போனது.

மீன்காரி வலை உலர்த்துகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சத்தம் போட்டுச் சொல்லுவாள்.

"பச்சையா இருக்கற கல்லு மேல கால வெக்காத! வழுக்கிக்கினு போய் மீனுங்க கிட்ட குந்துவ! கைய வெச்சு ஆட்டிப் பாரு மொதல்ல. ஆடற கல்லு ஆளக் கொல்லும்."

"ஆடல டி."

"அப்ப ஏறு. இன்னா யோசிக்கற? மேல உன் நாத்தனா நிக்கறான்னு நெனச்சிக்கோ!"

அந்த யோசனை நன்றாக வேலை செய்தது. ஆனால் எனக்கு அதைவிட நல்லது ஒன்று தெரிந்தது. கல்லின் அடியில் நின்று போனை எடுத்து, அந்தக் குரலை அமுக்குவேன். பஸ் படிக்கட்டு, செருப்பு, சுமங்கலி, சிரிப்பு. கேட்டு முடிந்ததும் போனை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு ஏறுவேன். முட்டி வலி எங்கே போகும் என்று தெரியாது. காப்பி குடிக்கிற மாதிரி தினம் காலையில் அதைக் கேட்டேன். மீன்காரிக்கே அது மனப்பாடம் ஆகி, மீன் விற்கும்போது என்னைப் பார்த்தால் "செருப்பையெல்லாம் பாத்துக்கட்டும்" என்று அதே ராகத்தில் இழுப்பாள். தெருவில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும்.

ஒரு நாள் அவளிடம் தட்டைக் காட்டினேன். வெயிலில் கண் கூசியது.

"இதுல கற்பூரம் வெச்சுக் காட்டப் போறேன், மேல."

மீன்காரி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

"கடலு மொகத்துல நிக்கற மலையா யக்கா? அப்ப மேல காத்து சும்மா வுடாது. கற்பூரம் நிக்காது, சொல்ட்டேன்."

"கோயில்ல நிக்கலயா?"

"கோயிலுக்கு நாலு செவுரு கீது. மலைக்கு ஏது செவுரு?"

"போடி. உன் வேலையப் பாரு."

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு, "மருந்து மலையாமே, முட்டிக்கு எதனா பச்சிலை கெடச்சா புடுங்கினு வா," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீன் விற்கிறவளுக்குக் கற்பூரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் டீச்சர் எல்லார் பையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர், வேர்க்கடலை உருண்டை, மாத்திரை, ஒரு துண்டு. இதற்கு மேல் இருந்தால் வெளியே எடுக்கச் சொன்னார். என் பையைத் தூக்கியவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா இது, கல்லு வெச்சிருக்கீங்களா?"

"சாப்புடற தட்டு."

"வாழை எலை கெடைக்கும்மா அங்க. எடுத்து வெச்சுடுங்க."

"எனக்குத் தட்டுல சாப்ட்டாத்தான் எறங்கும்."

"அப்ப வேற எதையாவது கொறைங்க."

நான் துண்டை எடுத்தேன். கடலை உருண்டையை எடுத்தேன். இரண்டு தண்ணீர் பாட்டிலில் ஒன்றை எடுத்தேன். டீச்சர் மறுபடியும் தூக்கிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பைக்குப் போய்விட்டார்.

வேன் முதலில் எங்களை ஏற்றிக்கொண்டு பிறகு மதகடிப்பட்டில் நின்றது. நாத்தனார் ஏறினாள். சுடிதார், பளபளக்கிற ஷூ, தலையில் தொப்பி. என்னைக் கடந்து போகும்போது நின்றாள். என் சட்டைக் காலரில் அவள் கண் போனது. அங்கே கிழிசலைத் தைத்த கறுப்பு நூல் இருந்தது. அது அவள் தைத்தது, கல்யாணத்துக்கு முன்னால் அவள் எங்களோடு இருந்தபோது.

"இது அண்ணன் சட்டதான?"

"ஆமா. பொட்டியில வெச்சா பூச்சி திங்குது. நான் போட்டுனா இன்னா?"

பின்சீட்டுக்குப் போனாள். வழி நெடுக மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, துணிக்கு மேலாகத் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் விடிகாலையில் மலையைப் பார்த்ததும் பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டேன். பனித்திட்டுக் கல் யானை என்றால் இது யானைகளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி நின்றது. அந்தப் பக்கம் கடல். வெயில் ஏறுவதற்கு முன் டீச்சர் விசில் ஊதினார். படியில் எல்லாரும் பேச்சும் சிரிப்புமாகப் போனார்கள். நாத்தனார் முன்னால் போய்விட்டாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயசு குறைவு, காலும் நீளம். நான் என் நடை நடந்தேன். நடவில் வேகமாக ஆரம்பித்தவள் கரை சேர மாட்டாள், அந்தக் கணக்கு எனக்குப் பழக்கம். படி முடிவதற்குள் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நான் உட்காரவில்லை.

பாறை தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு மோசமான இடுக்கில் டீச்சர் நின்றுகொண்டு ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். நாத்தனார் அதில் ஏறி மேலே போய்விட்டாள் என்று சொன்னார்.

"அவங்களுக்குப் பின்னால நீங்கதாம்மா. ஆச்சரியமா இருக்குது."

எனக்கு ஆச்சரியமாக இல்லை. கையை வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. ஏறினேன். இன்னொன்று ஆடியது, விட்டுவிட்டு வேறு பிடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. முதுகில் தட்டு ஒவ்வொரு தடவையும் டங்கென்று இடித்தது.

கடைசிப் பாறை சாய்வாக, வழவழவென்று இருந்தது. அதன் அடியில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் பாறையைக் கட்டிப் பிடித்தபடி. கீழே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அப்புறம் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. தொப்பி காற்றில் போய்விட்டிருந்தது.

"அண்ணி... கை குடு அண்ணி."

நான் அவள் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினேன். அவள் நின்ற இடம் அகலமானது, விழ மாட்டாள். கீழே டீச்சரின் விசில் சத்தம் கிட்டத்தில் கேட்டது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் பார்க்காமல் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

"தள்ளி நில்லு."

அவளுக்குப் புரிந்தது. முகத்தில் அது ஏறியதை நான் பார்த்தேன். எத்தனையோ கல்யாணம், எத்தனையோ காது குத்து, அவ்வளவுக்கும் சேர்த்து அந்த ஒரு முகம் போதும் எனக்கு. அவள் பாறையோடு ஒட்டி நகர்ந்து வழி விட்டாள். நான் நாலு காலில் தவழ்ந்து அவளைத் தாண்டி ஏறினேன். உச்சியில் முதல் கால் என்னுடையது. ஆம்பிளை ஷூ போட்ட கால்.

ஒரு பக்கம் கடல், எல்லாப் பக்கமும் காற்று. நான் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, அனுமாரைக்கூடப் பார்க்காமல் பையைத் திறந்தேன். தட்டை வைத்தேன், கற்பூரத்தை வைத்தேன், தீக்குச்சியைக் கிழித்தேன். அணைந்தது. இன்னொன்று. உரசும்போதே அணைந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். காற்று அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தது. தட்டு நகர்ந்து ஓடப் பார்த்தது, முட்டியால் அழுத்திக்கொண்டேன். மீன்காரியின் குரல் காதில் கேட்டது. சுவருக்கு எங்கே போவேன்? சட்டையைக் கழற்றி மறைப்பாகப் பிடித்தேன். சட்டையைப் பிடித்தால் குச்சி கிழிக்கக் கை இல்லை. குச்சி கிழித்தால் சட்டை பறக்கிறது. பெட்டியில் கொஞ்சம் குச்சிதான் மிச்சம் இருந்தது.

எவ்வளவு காலமாக நினைத்தது! தட்டைத் தேய்த்தேன், கல்லில் ஏறினேன், தண்ணீரை இறக்கிவைத்துவிட்டுத் தட்டைச் சுமந்தேன். காற்றை மட்டும் நினைக்கவில்லை. ஆலம் வாசலில் சுற்றுவது, கற்பூரம் சுவருக்குள் காட்டுவது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

அப்போது பாறை விளிம்பில் நாத்தனாரின் தலை தெரிந்தது. டீச்சர் கீழிருந்து தூக்கிவிட்டிருக்க வேண்டும். தவழ்ந்து வந்து உட்கார்ந்தாள். என் கையில் அணைந்த குச்சியையும் தட்டையும் பார்த்தாள். அந்தத் தட்டு எது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

சிரித்தால் தள்ளிவிட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மற்றவர்கள் வர நேரம் ஆகும். வந்தால் யாராவது பிடிப்பார்கள். ஆனால் எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று தோன்றியது.

"கிட்ட வா," என்றேன்.

வந்தாள்.

"உங்க அண்ணன் சட்ட. புடி. காத்துக்கு முதுகக் காட்டி நில்லு."

அவள் சட்டையின் இரண்டு கையையும் இரண்டு பக்கமாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொல்லையில் பறவை விரட்ட வைத்த பொம்மை மாதிரி. காற்று சுழன்று வந்து சட்டையை அவள் முகத்தில் அறைந்தது. விடவில்லை. அந்தச் சட்டைக்குக் கீழே, அவள் கால் அருகில் நான் குந்தி, குச்சியைக் கிழித்தேன். பற்றியது. கற்பூரம் ஒரு தரம் படுத்து, எழுந்து நின்றது. கற்பூரம் தீரத் தீர அதிலிருந்தே அடுத்த வில்லையைப் பற்றவைத்தேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு நினைக்க நினைக்க இனிக்கிறது. அனுமாருக்குக் காட்டினேன். பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்து மூச்சு வாங்கியபடி நின்றார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். நான் நகர்ந்தால் அவளும் நகர வேண்டும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். நான் நின்றால் நிற்க வேண்டும். மதகடிப்பட்டுச் செருப்புக் கடை முதலாளியம்மா, கையை விரித்தபடி, பக்கவாட்டில் கால் வைத்து வைத்து, என் பின்னாலேயே அந்த உச்சி முழுக்க வந்தாள். நான் அவசரப்படவில்லை. டீச்சருக்கு இரண்டு தடவை காட்டினேன்.

எல்லாரும் ஒற்றிக்கொண்ட பிறகு கடைசியாக அவள் பக்கம் திரும்பினேன். அவளால் கையை எடுக்க முடியாதே? முகத்தை மட்டும் குனிந்தாள். நானே ஒரு கையால் சுடரை ஒற்றி அவள் கண்ணில் வைத்தேன். ஈரமாக இருந்தது. காற்றா, பயமா, அண்ணன் நினைப்பா என்று நான் கேட்கவில்லை. அது என் வேலை இல்லை.

இறங்கும்போது என் முட்டி இரண்டும் பழி வாங்கின. ஏறத்தான் நான் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன், இறங்க ஒன்றும் வைத்திருக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்துதான் வந்தேன். முன்னால் நாத்தனாரும் அப்படியே வந்தாள்.

வேனில் ஊர் திரும்பும்போது என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். சட்டையை மடித்து என் மடியில் வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தி, "பங்குனியில என் பேத்திக்குக் காது குத்தறோம் அண்ணி. நீ தட்டு எடுத்துனு வரியா? நீயே ஆலம் சுத்து," என்றாள்.

"இன்னா? காது கேக்கல."

மறுபடியும் சொன்னாள்.

"இப்பிடி காதுக்குள்ள சொன்னா? அன்னிக்கு எல்லாரு எதிர்லயும்தான புடுங்கின. எல்லாரு எதிர்லயும் கேளு."

எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் வருத்தப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து, நான் ஏரிக்கரையில் இருக்கும்போது, குரூப்பில் அவள் குரல் வந்தது. அமுக்கினேன். முதலில் வெறும் மூச்சுச் சத்தம். பின்னால் கடையில் யாரோ சைஸ் கேட்கிற சத்தம். பிறகு அவள். "எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணிகிட்ட ஒண்ணு கேக்கணும். என் பேத்தி காது குத்துக்கு அவங்க கையால ஆலம் சுத்தணும். அண்ணன் கல்யாணம் பண்ணி இட்டாந்தப்ப அண்ணி எடுத்துனு வந்த தட்டுலயே சுத்தணும். அண்ணி, வருவியா?"

சிரிப்பு இல்லை. கடைசி வரை கேட்டேன்.

இப்போது காலையில் நடக்கும்போது இதைத்தான் கேட்கிறேன். பழையதையும் அழிக்கவில்லை. அதை அழிப்பது எப்படி என்று மீன்காரி காட்டிக்கொடுத்தாள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் மூச்சு வாங்காமல் ஏரிக்கரை முழுக்க நடந்துவிட முடிகிறது.

பதில் இன்னும் போடவில்லை. நான் கேட்டுவிட்டேன் என்பது அவள் போனில் நீலமாகத் தெரியுமாம். தெரியட்டும். தினம் எடுத்து எடுத்துப் பார்க்கட்டும். பங்குனிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

தட்டை மட்டும் பரணில் ஏற்றவில்லை. சமையல்கட்டு அலமாரியில், கைக்கு எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன்.